வரி கட்டிய வீடு

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறதா இல்லையா என்பதை ரேஷன் கார்டு சொல்லாது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் முன்பு நாட்டாமை வீடு வீடாக வந்து தலைக்கட்டு வரி கேட்பார். உங்களிடம் கேட்டால் நீங்கள் தெருவில் இருக்கிறீர்கள். கேட்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விட்டால், நீங்கள் அங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும் இல்லை. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்தவள் அரைத் தலைக்கட்டு. வரி கொடுத்த வீட்டில் சாவு விழுந்தால் தெருவே பாடை கட்டும். வரி கொடுத்தவனை வெளியே எவனாவது அடித்தால் தெருவே போய் நிற்கும். பெரிய ஊரின் கோயில் வரியில் எங்கள் ஆட்களை ஒருநாளும் சேர்த்ததில்லை. அதனால்தான் எங்களுக்கென்று ஒரு மாரியம்மனும் ஒரு நாட்டாமையும் இந்த வரியும்.

நான் எந்தத் தலைக்கட்டிலும் சேராதவள், கல்யாணமாகாத பெண். ஆனால் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு டிராக்டர் பின்னால் போய்விட்டான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெருவிரல்தான் கையெழுத்து. மன்னார்குடியில் பட்டப்படிப்பு முடித்த பிறகு, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். விடுதி அறையில் எல்லோரும் ஒரிசா, ஜார்க்கண்ட் பெண்கள். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அந்தக் கூச்சம்தான் எனக்கு இந்தி கற்றுக் கொடுத்தது. எழுதத் தெரியாது, பேச வரும்.

பி.எட். படிக்க ஊர் திரும்பியதும் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வாய்க்கால் மதகுச் சுவரில் இந்திக்கு எதிராகத் தாரில் எழுதிய வாசகம் ஒன்று பாதி அழிந்து இன்னும் இருக்கிறது. அதை எழுதிய அன்று தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்.

"எழுத்து தெரியாததால டப்பா தூக்குனேன். எம் பொண்ணு எழுத்தும் படிச்சுட்டா, இந்தியும் படிச்சுட்டா. டப்பா தூக்குனது வீணாப் போச்சு" என்பார். சொல்லும்போது பெருமை வழியும்.

அப்பாவுக்கு ஒரு கொடியும் உண்டு, கூலிப் போராட்டத்துச் சிவப்புக் கொடி. அவர் இளவட்டமாக இருந்தபோது, கூலி உயர்த்தாமல் எங்கள் ஆட்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றால், பண்ணைக்காரர்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பை முடித்துக்கொள்வார்களாம். வரப்பில் மறித்து நின்று அடிவாங்கிய கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எங்கள் தெருவின் மிகப் பழைய வசவு 'வெளியாள்' என்பதுதான். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒரு சம்பா நடவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் குடும்பம் வந்தது. நீடாமங்கலம் சாலையில் உள்ள அரிசி மில்லில் மூட்டை தூக்க வந்த ஜார்க்கண்டுக்காரர், அவர் மனைவி, ஒரு சின்னப் பெண். மில் கொட்டகையில் ஆண்களுக்குத்தான் இடம். குடும்பத்தோடு வந்ததால் வெளியே ஒண்டிக்கொள்ள இடம் தேடி, எங்கள் தெருக் கோடியில் பாழடைந்து கிடந்த ஒரு மாட்டுக் கொட்டிலில் வந்து தங்கினார்கள். மொழி தெரிந்தவள் என்று என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது இந்தி அல்ல, வேறு ஏதோ மொழி. ஆக இந்தி எனக்கும் இரவல், அந்த மனைவிக்கும் இரவல். அதனாலேயே தப்பும் தவறுமாக, பயமில்லாமல் பேசிக்கொண்டோம். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள்.

அம்மா நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நட்டுக் கொடுப்பாள். ஒருநாள் ஆள் குறைந்தபோது அக்காவையும் அழைத்துப் போனாள். விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். அக்கா குத்துக்கு இரண்டே நாற்றை எடுத்து, இடம் விட்டு இடம் விட்டு ஊன்றினாள்.

"ஏ வடக்கத்தி, நாத்து நடுறியா, சாமிக்குப் பூப் போடுறியா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அக்காவுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.

"திட்டுனாலும் சிரிக்கிறா பாருடி" என்றாள் இன்னொருத்தி. "இவ எனக்கு மருமவளா வந்திருக்கக் கூடாதா?"

"வந்திருந்தா ரெண்டே நாள்ல தமிழு கத்துக்கிட்டு ஒன்னய ஓட ஓட வெரட்டியிருப்பா" என்றாள் அம்மா. வயல் முழுக்கச் சிரிப்பு.

கடைசிக் குத்து ஊன்றியதும் எங்கள் பெண்கள் குலவையிட்டார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்காவும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். எங்களுடையதைவிடக் கொஞ்சம் கூர்மையாக, நீளமாக. அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு இடுவார்களாம். பெண்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அதன் பிறகு அவளை யாரும் வடக்கத்தி என்று முகத்துக்கு நேரே கூப்பிடவில்லை. தமிழையும் அந்தச் சேற்றில்தான் கற்றாள், அம்மாவின் வாயிலிருந்து, வசவுகளோடு சேர்த்து.

அடுத்த திருவிழா வந்தது. வரிக் கூட்டத்தில், அந்தக் குடும்பத்துக்கும் தலைக்கட்டுப் போட வேண்டும் என்று எழுந்து சொன்னவர் அப்பாதான்.

"வெளியாளுக்கு எப்பிடிப்பா வரி போடுறது?" என்றார் ஒருவர்.

"கொட்டில்ல கெடக்குறான், நம்மளோட வேல செய்யிறான். அவன் பொஞ்சாதி எம் பொஞ்சாதியோட நடுறா. பண்ணக்காரன் கொண்டாந்தவனா அவன்? வவுத்துப் பாட்டுக்கு வந்தவன். தொழிலாளிக்கு ஊரு ஏது?" என்றார் அப்பா.

நாட்டாமை என் பக்கம் திரும்பினார். பெண்கள் கூட்டத்தில் பேசும் வழக்கம் இல்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் அக்காவோடு நின்றுகொண்டிருந்த என்னை அவர் கையசைத்து அழைத்தார்.

"பாப்பா, அவன்ட்ட வெவரமாச் சொல்லு. வரி வாங்குனா இந்தத் தெருவுல அவனும் ஒரு தலக்கட்டு. நல்லது கெட்டதுக்குத் தெரு நிக்கும். வாய்க்கா ஓரமாக் கடைசியில எடம் கெடக்கு, குடிச போட்டுக்கிடட்டும். அவன எவனும் போன்னு சொல்ல மாட்டான். இது சாமி முன்னால சொல்ற வார்த்த."

நான் சொன்னேன். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவரிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'சாமி முன்னால்' என்பதை இரண்டு முறை சொன்னேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் நிமிர்ந்திருந்தது. அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நாட்டாமை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வைகாசியில் குடிசை எழுந்தது. மூங்கிலும் கீற்றும் வாங்கி, மண் குழைத்து, கணவனும் மனைவியும் அவர்களே போட்டார்கள். சுவரின் அடிப்பாகத்தில் அக்கா சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டினாள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அப்படி இல்லை. பெண்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடிக்குள் இன்னும் இரண்டு வீடுகளில் அந்தப் பட்டை வந்துவிட்டது. சின்னப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் நான்தான் சேர்த்தேன்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் தெருவுக்கே இடி விழுந்தது. வாய்க்கால் கரை நீர்நிலைப் புறம்போக்கு, வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பண்ணையில் வேலை செய்த காலத்தில், பண்ணை நிலத்தில் குடியிருக்கக் கூடாது என்று விரட்டப்பட்டு எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்த இடம் அந்தக் கரை. ஓட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் பட்டா தருகிறேன் என்று சொல்லிப் போன இடம்.

மாற்று இடம் கொடு, பட்டா கொடு என்று நீடாமங்கலம் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தோம். தெருவில் ஆள் குறைவு. நாட்டாமை அந்தக் குடிசைக்கே போய், "நீங்களும் வரணும், நீங்களும் தலக்கட்டு" என்று அழைத்தார். இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அக்காவின் கணவர் அன்றைய மில் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அன்று 'பட்டா கொடு' என்ற இரண்டு சொல்தான். வெயில் ஏற ஏற எல்லோர் தொண்டையும் கட்டிப்போக, அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. காவலர்கள் வேனில் ஏற்றியபோது முதலில் ஏறியவரும் அவர்தான். ஏன் ஏற்றுகிறார்கள் என்று தெரியாமலே ஏறினார். அப்பா மைக்கில், "வடக்கேருந்து வந்த தொழிலாளி நம்ம மண்ணுக்காகச் செயிலுக்குப் போறான் பாருங்க" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மில்லில் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறியல் பலித்தது. அரை மைல் தள்ளி மேட்டு நிலம் ஒன்றில், கரையில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டாவோடு மனை. வீடு வீடாகப் பார்த்து எழுத அதிகாரிகள் பங்குனியில் வருவார்கள் என்று சேதி வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு மனைதான். அண்ணனுக்குக் கல்யாணமாகி எங்கள் வீட்டிலேயே இருந்தான். அண்ணியும் அம்மாவும் அடுப்படியில் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அதிகாரிகள் வரவிருந்த அன்று காலையில், அண்ணியின் டிரங்குப் பெட்டியை அக்காவின் குடிசையில் கொண்டுபோய் வைக்கலாம், ஒரு கை பிடி என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா?"

"ஆபீசருங்க வர்றாங்கள்ல. வீடு அடசலா இருக்கு. சாயங்காலம் எடுத்துக்கலாம்."

பெட்டியின் ஒரு காதை நான் பிடித்தேன். அக்கா வாசலில் நின்று, என்ன இது என்று கண்ணால் கேட்டாள். வீட்டைச் சுத்தம் செய்கிறோம், மாலையில் எடுத்துக்கொள்கிறோம் என்று அவளிடம் இந்தியில் சொன்னேன். அவள் தன் பாயைச் சுருட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா சாமி படம் ஒன்றும் அண்ணனின் சட்டை இரண்டும் எடுத்துப் போனாள். சட்டைகளைக் குடிசைக் கொடியில் போட்டதை நான் பார்த்தேன். துவைத்த துணி என்று நினைத்தேன்.

தாசில்தாரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒவ்வொரு வாசலாக எழுதிக்கொண்டு கடைசிக்கு வந்தார்கள். தெருவே பின்னால் வந்தது. அந்தக் குடும்பம் குளித்து, நல்ல துணி உடுத்தி வாசலில் நின்றது. சின்னப் பெண்ணுக்கு நான் பின்னிவிட்ட இரட்டைச் சடை.

"இது யாரு வீடு?" என்றார் தாசில்தார்.

"எம் மவன் வீடுங்க" என்றார் அப்பா. "கல்யாணம் ஆச்சு, தனியாப் போயிட்டான். இவங்க மில்லு ஆளுங்க. போக்கிடம் இல்லன்னாங்க, சும்மா ஒரு ஓரமா இருக்கச் சொல்லியிருக்கோம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து நின்றான். அலுவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டியையும் படத்தையும் கொடியில் கிடந்த சட்டைகளையும் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்லங்க சார்" என்றேன். "அது இவுங்க கட்டுன வீடு. போன திருவிழாவுலயே தலக்கட்டு வரி கட்டியிருக்காங்க. நாட்டாமையக் கேளுங்க."

தாசில்தார் நாட்டாமையைப் பார்த்தார். நாட்டாமை மாரியம்மன் கோயில் இருக்கும் திசையில் பார்க்காமல் நின்றார்.

"கோயிலுக்கு விருப்பப்பட்டு ஏதோ குடுத்தாங்கங்க. சாமிக்கு யாரு வேணா குடுக்கலாம்ல" என்றார்.

"படிக்கிற புள்ளங்க" என்றார் அப்பா சிரித்துக்கொண்டே. "பாடப் பொஸ்தகத்தத் தவிர ஒலகம் தெரியாது."

தெருவில் சிலர் சிரித்தார்கள். வயலில் சிரித்த அதே பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அம்மா அங்கே இல்லை. "இவங்க பேர்ல இந்த ஊர்ல ரேஷன் கார்டு இருக்கா?" என்று கேட்டார் அலுவலர். இல்லை. அண்ணன் பெயரை எழுதிக்கொண்டார்கள். அக்காவின் கணவர் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார், நான் எடுத்துச் சொல்லுவேன் என்று. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா அவர் தோளைத் தொட்டு, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது. எங்கள் வயலில் கற்ற தமிழ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மாலையில் வீட்டில் கேட்டேன். அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார்.

"தொழிலாளிக்கு ஊரு ஏதுன்னு சொன்னீங்களேப்பா."

"அது மைக்குல பேசுறது" என்றார். "மனையில பேசுறது வேற. ஒங்க அண்ணன் எங்க போவான்? நீ கட்டிக்கிட்டுப் போயிடுவ. அவங்களுக்கு அவங்க ஊருல நெலம் இல்லாமயா இருக்கும்?"

"இல்லன்னுதான வந்தாங்க."

"நாங்க நாலு தலமொறையா இல்லாம இருந்தோம். எவன் குடுத்தான்?" என்றார். தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை, குரலும் உயரவில்லை. "வெளியாளுக்குப் பட்டா வாங்கிக் குடுக்கவா நான் அன்னிக்கு அடிவாங்குனேன்?"

அம்மாவிடம் போனேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "பெட்டிய எங்கிட்ட தூக்கச் சொன்னியேம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. "நீ சொன்னாத்தான அவ வாங்கி வைப்பா" என்றாள்.

இதைவிடப் பெரிய காயத்தை அதன் பிறகும் யாரும் எனக்கு ஏற்படுத்தவில்லை. நாட்டாமை சொன்னதை மறந்தார், அப்பா மகனைப் பார்த்தார். ஆனால் அம்மா, அக்கா என் சொல்லை நம்புவாள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்த நம்பிக்கையின் ஒரு காதை என் கையிலேயே கொடுத்திருந்தாள். படித்த பெண் என்று அவர்கள் என்னைத் தாங்கியதெல்லாம் எதற்கு என்று அன்று ஒரு யோசனை வந்தது. இன்னும் போகவில்லை.

நான்கைந்து நாள் கழித்து நாட்டாமை வந்தார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. முகம் கலங்கியிருந்தது.

"காப்புக் கட்டுறதுக்குள்ள அந்த வரியத் திருப்பிக் குடுத்துடணும்" என்றார் அப்பாவிடம். "தலக்கட்டு இல்லாதவன் காசு சாமி கணக்குல கெடந்தா தெருவுக்கு ஆவாது. ஆத்தா கோவிச்சுக்கிட்டு அம்மை போட்டுடுவா." பிறகு என்னிடம், "பாப்பா, நீ போயிக் குடுத்துட்டு, மனசுல வச்சுக்க வேணாம்னு அவங்க பாசையில ரெண்டு வார்த்த பக்குவமாச் சொல்லிடு" என்றார்.

வீட்டை எடுத்ததற்கு அவர் பயப்படவில்லை. வரியை வைத்திருப்பதற்குத்தான் பயம்.

"அந்தப் பாசை எனக்கு மறந்துபோச்சுங்க" என்றேன்.

"என்னாடி பேச்சு இது?" என்றார் அப்பா. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அம்மாதான் எடுத்துப் போனாள். குடிசை வாசலில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மதகில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா பணத்தை நீட்டினாள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் பேசியது அங்கே வரைக்கும் கேட்டது, ஒவ்வொரு சொல்லாக, தமிழில்.

"சாமிக்குக் குடுத்தது அம்மா. திருப்பி வாங்குனா எம் புள்ளைக்கு ஆவாது. நீங்களே வச்சுக்குங்க."

அம்மா பணத்தோடு திரும்பி வந்தாள். பிறகு அந்தப் பணத்தை யாரும் தொடவில்லை. உண்டியலில் போடவும் பயம், வெளியே எறியவும் பயம். மஞ்சள் துணியில் முடிந்து கோயில் கொட்டகை விட்டத்தில் கட்டினார்கள். புது இடத்துக்குத் தெரு மாறியபோது அம்மனைத் தூக்கிப் போனார்கள், முடிச்சையும் கூடவே. இப்போதும் அது புதுக் கோயில் விட்டத்தில் தொங்குகிறது. அண்ணன் வீட்டுச் சுவரின் அடியில் அண்ணி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்கிறாள். நான் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன திருவிழாவுக்கு எங்கள் வீட்டு வரியை என் சம்பளத்திலிருந்து கொடுக்கச் சொன்னார் அப்பா. முதலில் அந்த முடிச்சை அவிழ்த்து வரியில் சேருங்கள் என்றேன். அவர் தன் கூலியிலேயே கட்டிக்கொண்டார். நாட்டாமை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நான் தலைக்கட்டும் இல்லை.

அக்காவை ஒரே ஒரு முறை பார்த்தேன், மன்னார்குடி பேருந்து நிலையத்தில். ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவுவதாகவும், கணவருக்கு வேறொரு மில்லில் வேலை என்றும் சொன்னாள். நான் இந்தியில் கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொன்னாள். சின்னப் பெண் வளர்ந்திருந்தாள். சடையை யாரோ அழகாகப் பின்னியிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அக்கா. "அந்தப் பெட்டி தூக்கிட்டு வந்தீங்கல்ல. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன். அதையும் தமிழில்தான் சொன்னேன். "சத்தியமாத் தெரியாது."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாமி முன்னால் என்று நான் இரண்டு முறை சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரி" என்றாள்.

தஞ்சாவூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சின்னப் பெண் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அக்கா அந்தக் கையை மெல்லப் பிடித்து உள்ளே இழுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.